எட்டு பாட்டரிகளின் சூடு

1969 சித்திரையிலிருந்து, அணைப் படகின் எட்டு பாட்டரிகளுக்கும் ஏற வேண்டிய சூடு மதலேனம்மாளின் உடம்பில் ஏறியது. குடிதண்ணீரில் எண்ணெய் சிந்தக்கூடாதென்று அந்த அணைக்கு மின்படகு வந்திருந்தது. காலையில் அக்கரைத் தக்காளியைப் பாலக்கோடு பஸ்ஸுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நடுப்பகலில் கொட்டகையில் சார்ஜுக்கு நிற்கும். தொப்பூரில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கொட்டகையில் வேலை கிடைத்தது. மணிக்கொருமுறை பாட்டரி ஆசிட்டில் வெப்பமானியை விட்டுப் பார்த்து எழுத வேண்டும். ஐம்பது டிகிரியானால் சுவிட்சை அணைக்க வேண்டும். நிழலில் செய்யும் வேலை அவளுக்கு அதுதான் முதல். பத்தாம் நாள் வெப்பமானி கைதவறி உடைந்தது. வேலை போய்விடுமென்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பாட்டரி குளிர்ந்தது, அவள் கொதித்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. மார்கழியில் மாதா கோயில் பூசைக்கு வந்த பெண்கள் அவளை நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்; பங்குனியில் ஒரு பாய் முழுக்க அவளுக்கே விட்டார்கள். "உம்மேல சட்டி வெச்சா களி கிண்டிப்புடலாம் புள்ள" என்றான் புருசன் சவரி. பாட்டரி சுடவில்லை என்று கண்டதும் படகோட்டி கருப்பண்ணன் சீக்கிரம் சார்ஜ் ஏறட்டுமென்று கரண்டைக் கூட்டி வைத்தான்; மூன்று நடை ஆறு நடையானது. அவள் தினமும் இருபத்தெட்டு என்று எழுதினாள். தாலி பட்ட இடம் கொப்பளித்தது, முடி கொட்டியது. மூன்று வருசம் உழைக்க வேண்டிய பாட்டரிகள் எட்டு வருசம் உழைத்தன.

1977இல் புது அதிகாரி புது வெப்பமானியோடு வந்தார். அதுவும் இருபத்தெட்டையே காட்டியது. சூடேறாத பாட்டரிக்குக் காவல் எதற்கென்று அவளை நிறுத்திவிட்டார். அவள் ஜல்லிக்குத் திரும்பினாள். எட்டு வருசத்தில் முதல்முறையாகக் கம்பளி கேட்டாள். மூன்றாம் நாள் ஆசிட் கொதித்து, மூடிகள் தெறித்துத் தகரக் கூரையைத் துளைத்தன. அக்கரையில் தக்காளி அழுகியது. அதிகாரி ஜீப்பில் தொப்பூருக்கே வந்து வேலைக்குக் கூப்பிட்டார். அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"பாட்டரிய அம்பதுல நிறுத்தோணும்னு ரூல் இருக்குதுங்க. என்னைய எத்தனைல நிறுத்துவீங்க?"

அதிகாரி யோசித்துவிட்டு, அதே ஐம்பதென்று வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"நாப்பதுங்க. நான் பாட்டரி இல்லீங்க."

மறுநாள் பதிவேட்டில் பாட்டரிச் சூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கோடு போட்டு, தலைப்பில் மதலேனம்மாள் என்று எழுதினார்கள். மணிக்கொருமுறை அவள் வெப்பமானியை அக்குளில் வைத்துக்கொள்வாள். நாற்பதைத் தொட்டதும் கருப்பண்ணன் எழுந்துபோய் சுவிட்சை அணைப்பான். படகு மூன்று நடைதான் போனது. மிச்சத் தக்காளி அடுத்த நாள் போயிற்று.