அடிப்பக்கம் பார்த்து வாங்கிய மடிக்கணினி

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. மின்விசிறி வாங்கப் போன கடையில் ஒருவர் மடிக்கணினிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். திரைப்பக்கம் அவர் திரும்பவே இல்லை. கூட வந்த மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மின்விசிறியை மறந்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “உலகமயமாதலின் இக்காலகட்டத்தில் ஒரு சாமானிய மனிதனின்...” வேண்டாம். இப்படித் தொடங்குபவற்றை நானே பாதியில் மூடிவிடுவேன்.

இரண்டாவது: “அவர் ஒரு தேசபக்தர்.” இதுவும் வேண்டாம். அவர் கண்ணில் பட்டால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்.

2

ஆகவே, தெரிந்ததை மட்டும். அவர் குடியிருப்போர் சங்கத் தலைவர். குறிப்பிட்ட ஒரு நாட்டின் பொருளை வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டு, எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றியவர். கூட்டத்துக்கு யாரும் வராததால் எதிர்ப்பில்லை. மகளுக்கு மறுநாள் காலை வேலைக்கான தேர்வு. வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும். நெடுநாள் காத்திருந்து கிடைத்த அழைப்பு. பழைய கணினி அன்று மதியம்தான் உயிரை விட்டது.

(எந்த நாடு என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு எதன்மேல் கோபமோ அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கதை இம்மியும் மாறாது.)

3

“இதுவும் அங்க செஞ்சதுதானா?”

“ஆமா சார்.”

“அப்பா, மானத்த வாங்காதீங்க. அத நேரா வைங்க.”

“நீ சும்மா இரு. ஏம்மா, நம்ம நாட்டுல செஞ்சது ஒண்ணுகூட இல்லையா?”

விற்பனைப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு ஒன்றை எடுத்து வைத்தாள். “இது இங்க பூட்டினது.”

“பூட்டினதுன்னா?”

“பாகத்தையெல்லாம் வெளியேருந்து கொண்டுவந்து, இங்க திருகு முடுக்குவாங்க.”

“திருகு எங்கேருந்து வருது?”

“சார், திருகுக்கெல்லாம் நான் ஜாதகம் பாக்கல.”

வாங்கிவிட்டார். மகள் நிம்மதியாகப் போன் பேச வெளியே போனாள். அந்த நேரம் பார்த்து அவர் சார்ஜரைக் கவிழ்த்தார்.

அதில் அந்த நாட்டின் பெயர். “இத நீங்களே வச்சுக்கோங்க” என்று கடையே கேட்கும்படி சொல்லி மேசையில் வைத்தார். ஒருவர் கைதட்டினார். தட்டுவதற்காக அவர் கீழே வைத்த பெட்டியிலும் அதே பெயர்தான்.

(இந்த இடத்தில் என் கணினியையும் புரட்டிப் பார்த்தேன். சீட்டு தேய்ந்திருந்தது. கொள்கை பிழைத்தது.)

4

சார்ஜரை விட்டுவிட்டா ஒரு மனிதர் வருவார்? எனக்கே சந்தேகம் வந்து, அந்தப் பத்தியை அடித்துவிட்டு, சார்ஜரோடு அவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். அப்பாவும் மகளும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்கள். கதையும் கூடவே தூங்கியது. அடித்ததை மீட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள் பெட்டியைப் பிரித்தாள்.

“அப்பா, சார்ஜர் எங்க?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“கடைக்கே. அதுல அந்த நாட்டுப் பேரு போட்டிருந்துச்சு.”

மகள் கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் எழுதியிருந்தேன், அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. “எனக்கு வேலை தரப்போற கம்பெனி எந்த நாட்டுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாப்பா?”

(இவ்வளவு கச்சிதமாக அமைவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அப்பாக்கள் சம்பளத்தைத்தான் விசாரிக்கிறார்கள்.)

அவர் வாயைத் திறந்தார். “அது வேற...” வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. முடித்துவைக்க என்னாலும் ஆகவில்லை.

5

முடிவுக்கு மூன்று வழிகள் பார்த்தேன். அவர் மனம் திருந்திக் கண்ணீர் விடுவது: கண்ணீர் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. மகள் வேலையை உதறிவிட்டு அப்பாவைக் கட்டிக்கொள்வது: அவள் என்னை அடிக்க வருவாள். பக்கத்து வீட்டுக்காரர் சார்ஜரோடு வந்து நிற்பது: அவரை ஏன் இத்தனை நேரம் ஒளித்துவைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள்.

மகள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கணினியைத் திறந்து, ஒரு மின்னஞ்சலைத் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். “தேர்வுக்கு வரவில்லை. வேலை வேண்டாம்” என்றிருந்தது.

“பழைய சார்ஜர் இதுக்குச் சேராது. கடை இன்னும் தெறந்துதான்பா இருக்கு. போய் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா இத நீங்களே அனுப்புங்க. கொள்கை உங்களோடதுதானே?”

அவர் செருப்பைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சங்கத் தலைவர் முகம் எங்கோ போய்விட்டது. மிஞ்சியிருந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அவர் கடைக்குப் போவதையும் மின்னஞ்சலை அனுப்புவதையும் எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு நீங்கள் உட்காருங்கள். மகள் எதிரில்தான் நிற்கிறாள். பாட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது.