பிடிச்சுட்டியே, கில்லாடி

நான் போர்டில் தப்பு போடுகிற கணக்கு டீச்சர். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. பாடத்துக்கு ஒரு தப்பு. போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவள் மாதிரி சும்மா நிற்பேன். பிள்ளைகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். யாராவது பிடித்தால், "பிடிச்சுட்டியே, கில்லாடி" என்பேன். பரிசு அவ்வளவுதான். அதற்கே அடித்துக்கொள்வார்கள்.

பாதிப் பிள்ளைகள் வகுப்பில், மீதிப் பேர் வீட்டில் என்று பள்ளி மாறியபோது மற்ற டீச்சர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கு உற்சாகம்தான். டேப்லெட்டில் எழுதினேன், சுவர்த் திரையிலும் வீட்டு போனிலும் ஒன்றாகத் தெரிந்தது. வகுப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிட்டேன். வீட்டுப் பிள்ளைகள் வாயால் பதில் சொல்லக் கூடாது, தாளில் பெரிதாக எழுதி கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வாயைத் திறக்க விட்டால் சந்தைக்கடை ஆகிவிடும். தாள் என்றால் யாருக்குப் புரிந்தது, யார் சும்மா தலையாட்டுகிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆகவே இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் தெரியாத டீச்சர் புலம்புகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தாளை எப்போதும் முதலில் தூக்குகிறவள் ஒருத்தி இருந்தாள். என் தப்பு எதுவும் அவளிடமிருந்து தப்பியதில்லை, அதனால் வகுப்பே அவளை சிஐடி என்று கூப்பிட்டது. அவள் அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சிஐடி எப்போதும் வீட்டுப் பக்கம்தான். அவளுக்குப் பின்னால் கொடியில் துணி தொங்கும், மடியில் தம்பி அவள் பின்னலைப் பிடித்து இழுப்பான். அவள் கண் மட்டும் போர்டை விட்டு நகராது. அடுத்த வருஷம் உயர்கணிதப் பிரிவில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. அங்கே இடம் கொஞ்சம்தான். அதில் சேராவிட்டால் இன்ஜினியரிங் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

எங்கள் வகுப்பு நன்றாக நடக்கிறது என்ற செய்தி மேலே போனது. நல்ல செய்தி மேலே போனால் ஆபத்துதான். நிர்வாகம் ஒரு ஒருங்கிணைப்பாளரை அனுப்பியது. எந்த மதிப்பெண் வரைபடத்திலும் பச்சை நிறம் தெரிந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும், அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் பச்சை விளக்கு.

"உங்க பாடத்தை எல்லாம் வீடியோவா எடுத்துரலாம் மேடம். எங்க எல்லா ஸ்கூலுக்கும் போகும்" என்றார்.

எனக்கும் ஆசை வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் நின்று பேசினேன். வகுப்பில் செய்வது போலவே ஒரு தப்பு, கொஞ்சம் மௌனம், பிறகு திருத்தம். "பிடிச்சுட்டியே, கில்லாடி" என்பதைத் தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். ஆன்லைன் தேர்வில் சரியான விடை போட்டதும் அது ஒலிக்குமாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

வீடியோக்கள் வந்ததும் என் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் 'சந்தேக நேரம்' மட்டும் எனக்கு விட்டு வைத்தார்கள். வெட்டித் தைத்த வீடியோவை யாரும் எனக்குக் காட்டவில்லை. முதல் தேர்வின் மதிப்பெண் வந்தபோதுதான் தெரிந்தது. வகுப்பு முழுக்கப் பச்சை, சிஐடி மட்டும் சிவப்பு.

அன்றுதான் உட்கார்ந்து என் வீடியோவைப் பார்த்தேன். திரையில் நான் சிரித்த முகத்தோடு, "ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்னா, ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர், அவ்வளவுதான்" என்கிறேன். அடுத்த நொடியே, "சரி, இப்ப வீட்டுக்கணக்கைப் பார்ப்போம்" என்கிறேன். நடுவில் நான் நின்ற மௌனத்தைக் காணோம். அதற்குப் பிறகு நான் சொன்னதையும் காணோம். "ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சஞ்சு இருபத்தஞ்சு. என் கணக்குப்படி நாலும் ஒம்பதும் பதிமூணுதான் வருது. மிச்சம் பன்னிரண்டை எந்த எலி தின்னுச்சு?" என்று கேட்டு, விட்டுப்போன டூ ஏபியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். எலியோடு டூ ஏபியும் போய்விட்டது.

பச்சை விளக்கைப் பிடித்துக் கேட்டேன்.

"மௌனமா இருக்கிற இடத்தை சாஃப்ட்வேரே வெட்டிரும் மேடம். அதுக்கப்புறம் நீங்க சொன்னது, முன்னாடி சொன்னதுக்கு எதிரா இருந்துச்சு. நீங்க தடுமாறிட்டீங்கன்னு நெனச்சு எடுத்துட்டோம். வீடியோ சின்னதா இருந்தாத்தான் புள்ளைங்க பார்க்கும்."

"தேர்வுக் கேள்விக்கு இதுதான் சரியான விடைன்னு யாரு போட்டது?"

"அதையும் வீடியோல இருந்தே சாஃப்ட்வேர் எடுத்துக்கும். உங்க வார்த்தைதான் மேடம், நாங்க எதுவும் சேர்க்கல."

நேராகப் பிரின்சிபாலிடம் போனேன். அவரும் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர்தான். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"தப்புதான். யாரு இல்லேன்னா? ஆனா இது எல்லா ஸ்கூலுக்கும் போயாச்சு. ரிசல்ட் வந்தாச்சு. இப்ப மாத்தினா பாஸான அத்தனை பேரும் ஃபெயில். பெத்தவங்க சும்மா விடுவாங்களா? அடுத்த வருஷம் புதுசா எடுத்துக்கலாம்."

"அந்தப் பொண்ணு?"

"மறுதேர்வு இருக்குல்ல, எழுதட்டும். நாம சொல்லிக் கொடுத்ததை எழுதச் சொல்லுங்க. நானும் சொல்லணும்னு இருந்தேன், உங்க வீடியோதான் ரிசல்ட்ல முதலிடம். பாராட்டு விழா வைக்கிறாங்க."

மறுநாள் சிஐடியின் அம்மா வந்தார். கடையிலிருந்து நேராக வந்திருந்தார், முன்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

"வீடியோல பேசுறது நீங்கதானே டீச்சர்?"

"நான்தாம்மா."

"நீங்க சொன்னதை அப்படியே எழுதின புள்ளைங்க எல்லாம் பாஸு. எம்பொண்ணு மட்டும் ஏன் தன் இஷ்டத்துக்கு எழுதினா? கேட்டா, 'டீச்சர் வேணும்னே தப்பு போட்டிருக்காங்க, நாமதான் பிடிக்கணும்'ங்கிறா. வீடியோவுக்குக் கீழேயும் எழுதிப் போட்டாளாம். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு வந்துச்சாம். நீங்க கில்லாடின்னு சொல்லுவீங்கன்னு ராத்திரி பூரா போனைப் பார்த்துக்கிட்டே கெடந்தா."

உங்கள் பெண் எழுதியதுதான் சரி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரின்னா மார்க்கு போடுங்க டீச்சர்" என்றார்.

மார்க்கை மாற்றுவது என் கையில் இல்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார், அந்தக் கும்பிடுக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மறுதேர்வு நாளன்று என் சந்தேக நேரத்துக்கு சிஐடி ஒருத்திதான் திரையில் வந்தாள். அதே கொடி, அதே துணிகள், மடியில் தம்பி.

"டீச்சர், மறுதேர்வை சாயங்காலத்தோட மூடிருவாங்க. பாதிக் கேள்வி அந்தப் பாடத்துலதான் வருது. எதை எழுதட்டும்?"

பள்ளி வேலை போனாலும் பரவாயில்லை, சரியானதை எழுது என்று சொல்லலாம். ஆனால் போகப்போவது என் வேலை இல்லை, உயர்கணிதப் பிரிவில் அவள் இடம். என் மானத்துக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"வீடியோல இருக்கிறதை எழுதும்மா."

"அது தப்பு டீச்சர்."

"தெரியும்."

"நீங்க தெரிஞ்சேதானே போட்டீங்க? நாங்க பிடிக்கத்தானே?"

"ஆமா கண்ணு. நீ பிடிச்சுட்டே. இப்ப அவங்க கேட்கிறதை எழுது."

கொஞ்ச நேரம் அவள் அசையவில்லை. அது நான் வகுப்பில் நிற்கிற மௌனம், அதை வெட்ட அங்கே ஆளில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து, பெரிதாக டூ ஏபி என்று எழுதி, கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நான் தலையாட்டினேன். அவள் தாளை மடித்துத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் அதை வாயில் வைத்தான்.

"இருங்க டீச்சர், போயிடாதீங்க" என்று சொல்லித் தன் திரையை எனக்கும் தெரிய வைத்தாள். முதல் கேள்வி. அவள் தட்டினாள், ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர். பச்சை டிக் விழுந்தது. கூடவே, நல்ல புடவை கட்டிக்கொண்டு நான் பேசிய அந்த உற்சாகக் குரல்.

"பிடிச்சுட்டியே, கில்லாடி!"

தம்பி கை தட்டினான். சிஐடி அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.