ஏறிய எடை

நர்ஸ் பெருவிரலை அப்பாவின் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் போன இடத்தில் ஒரு குழி நின்றது. அது தானாக எழும்பிவிடும் என்று குருவி பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு?"

"வீக்கம் இல்லைங்க சிஸ்டர். உடம்பு தேறியிருக்கு," என்றாள் குருவி.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு வரவில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் வாய் திறந்து திறந்து மூடியது.

"தினமும் எடை பாக்கச் சொல்லியிருப்பாங்களே, பாத்தீங்களா?"

இதற்குக் குருவியிடம் பதில் இருந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். பதினெட்டு நாள், ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். ஐம்பத்தொன்றில் தொடங்கி ஐம்பத்தாறில் முடிந்தது. எடை ஏறிய நாட்களுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் போட்டிருந்தாள்.

நர்ஸ் மேலிருந்து கீழே படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"இது சதை இல்லம்மா. தண்ணி."

குருவிக்குப் புரியவில்லை. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றியபடியே தணிந்த குரலில் சொன்னாள். "ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னுபோச்சுன்னு இல்ல. ரத்தத்தத் தள்ளுற தெம்பு அதுக்குக் குறைஞ்சுபோச்சு. முன்னாடி போகாதது பின்னாடி தேங்கும். கிட்னியும் உப்பு, தண்ணி ரெண்டையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். முதல்ல கால்ல இறங்கும், அப்புறம் வயிறு, அப்புறம் நுரையீரல். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே தூக்கிட்டு வரணும். எடை பாக்கச் சொல்றதே அதுக்குத்தான். சீட்டுல போட்டிருக்குமே?"

போட்டிருந்தது. போன முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அப்பாவின் கடையில் வைத்துக் குருவிதான் அந்தச் சீட்டை உரக்கப் படித்தாள். வீட்டில் எதையும் படித்துச் சொல்வது அவள் வேலை. 'தினமும் எடை பார்க்கவும்' என்ற வரிக்கு வந்ததும் அப்பா, "நம்மகிட்ட இல்லாத தராசா? ஏத்துங்கடா என்னைய!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழைய இரும்பு போடும் மேடைத் தராசில் அவரே ஏறி நின்றார். முள் ஐம்பத்தொன்றில் ஆடி நின்றது. அந்தக் கடையில் முள் ஏறினால் நல்லது, இறங்கினால் நஷ்டம். அடுத்த வரியை யாரும் கேட்கவில்லை. குருவியும் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த, அடிக்கடி சிறுநீர் போக வைத்த வெள்ளை மாத்திரையைப் போட்ட நாளெல்லாம் முள் இறங்கியது. "அது உடம்ப உருக்குது, எடுத்து வை," என்றாள் அம்மா. குருவி எடுத்து வைத்தாள்.

அப்பா முகமூடியை ஒரு பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"ஐம்பத்தாறுப்பா."

"சரக்கு... ஏறுது," என்றார். சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. நர்ஸ் முகமூடியைச் சரியாக மாட்டிவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்து, குருவியை வெளியே போகச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. ஒரு மாதம் முன்பு எல்லோர் எதிரிலும், "எங்க அண்ணன எலும்பும் தோலுமா ஆக்கிட்டீங்களே அண்ணி," என்று கேட்டவள். அன்றிலிருந்து அம்மா தான் சாப்பிட்டாளோ இல்லையோ, அப்பாவுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டினாள். அவர் வேண்டாம் என்றாலும் கஞ்சியில் உப்புப் போட்டு, வாய்க்கு ருசியாகக் கொடுத்தாள்.

"பாத்தீங்களா அவர் கன்னத்த?" அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அஞ்சு கிலோ. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, இவளைக் கேளுங்க. அட்டைய காட்டுடி."

"உள்ள வாங்கி வச்சுக்கிட்டாங்கம்மா," என்றாள் குருவி. அட்டை எட்டாக மடிந்து அவள் கைக்குள் இருந்தது.

"சரி அண்ணி, சரி. உங்க கை பட்டா மண்ணும் தேறும். போதுமா?" அத்தை வேடிக்கையாகச் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். குருவி சுவரைப் பார்த்தாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றியபோதே அத்தை எழுந்துவிட்டாள்.

"முடிஞ்சுபோச்சும்மா."

அம்மா அழவில்லை. அவளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அத்தைதான் கத்தினாள். "எப்படி டாக்டர்? தேறித்தானே வந்தாரு? அஞ்சு கிலோ ஏறியிருந்தாரே!"

டாக்டர் திரும்பினார். "அஞ்சு கிலோவா? எத்தனை நாள்ல?"

"பதினெட்டு நாளுங்க," என்றாள் அம்மா. "நான்தான் வேளை தவறாம..."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற குருவி அவரைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த பக்கத்தையே மறுபடி துடைத்தார்.

"இதயம் ரொம்பப் பலவீனமா இருந்துச்சும்மா. உங்களால ஆனத நீங்க பண்ணியிருக்கீங்க."

அப்போதுதான் அம்மா அழுதாள்.

அது சதை இல்லை, தண்ணீர் என்று அப்பாவிடம் இனிச் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொல்லக் கூடாது. இனி யாராவது வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கும்போதெல்லாம் அம்மா அந்த ஐந்து கிலோவைச் சொல்வாள். "ஆமாம்" என்று சொல்லக் குருவி பக்கத்தில் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில்.

மூவரும் உள்ளே போனபோது இரண்டு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்தார்கள்.

"பாத்துத் தூக்குங்கப்பா," என்றாள் அம்மா.

தூக்கினார்கள். தலைப்பக்கம் நின்றவர் மூச்சை விட்டபடி, "நல்ல கனம்," என்றார் மற்றவரிடம்.

அம்மா அழுகைக்கு நடுவே அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை தலையாட்டி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குருவி முன்னால் போய், ஸ்ட்ரெச்சர் இடிக்காமல் கடந்து போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.