வியூஃபைண்டரில் பஞ்சு

ஸ்டெபி கேமராவைத் திருப்பித் தந்து நாலு நாள் ஆயிற்று. பேட்டையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் ஸ்டுடியோவுக்கு இருப்பது அந்த ஒரு கேமராதான். சனிக்கிழமை தச்சநல்லூரில் ஒரு காதுகுத்து என்று சொல்லி எடுத்துப் போயிருந்தாள்.

இன்று வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் குறுக்கே ஒரு இழை. படத்தில் விழாது, பார்க்கிறவள் கண்ணைத்தான் உறுத்தும். லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்தால் காற்றடித்தேன். சனியன் நகரவில்லை. உள்ளே கொக்கியைத் தளர்த்தி, இடுக்கியால் போகஸ் தகட்டை இறக்கினேன். விரல் பட்டால் கீறிவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். தகட்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு. ஒன்றா இரண்டா, ஓரமெல்லாம்.

அது என்ன பஞ்சு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்தில் முப்பது வருஷம் நூல் மில்லுக்குப் போய்வந்த அம்மாவின் தலையிலிருந்து தினமும் எடுத்துப் போட்டவள் நான்.

அந்தச் சனிக்கிழமைதான் அம்மாவுக்கு மில்லில் கடைசி நாள். மிஷின் முன்னால் அவளை நிறுத்தி ஒரு படம் எடுக்க மில்லுக்கு அனுமதி கேட்டு எழுதி, ஊருக்குப் போன ஸ்டெபியிடம் கொடுத்துவிட்டிருந்தேன். “விடமாட்டோம்னுட்டாவட்டி. அம்மாட்ட நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள் ஸ்டெபி. ஊரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரி. நம்பினேன். மடச்சி நான்!

போன் போட்டேன். “காதுகுத்துல ஏதுட்டி மில்லுப் பஞ்சு?”

“ஒருத்தரத்தான் உள்ள விடுவோம்னாவ, ஜெமி. மில் ஆண்டு மலர்ல படம் எடுத்தவ பேரு போடுவாவ. ஒங்க அம்மாவையும் எடுத்திருக்கேன், நல்லா வந்திருக்கு. தாரேன்.”

“நீயே வச்சு அழு!” வெட்கங்கெட்டவள். நான் எழுதின கடுதாசியைக் காட்டி உள்ளே போயிருக்கிறாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். நாலு நாளாக அவளும் பேசவில்லை. அலுப்பில் கிடக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“ஒனக்கு வேல ஒழியலன்னு நீதான் அவள அனுப்புனியாமே?” என்றாள்.

“யம்மா, நான் அனுப்பலம்மா!”

“மக வாரா, மக வாரான்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தேன். புதுச்சேலை கட்டிட்டுப் போனேன். அதான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா “ம்” கொட்டிக் கேட்டாள்.

“சரி விடுட்டி” என்றாள் கடைசியில். “பாவம், அவ மேல ஏன் பழியப் போடுத? ஒனக்கு வேல இருந்திருக்கும்.”