பெரியதம்பி தூங்கிய நாற்பது நிமிடம்

1985 கார்த்திகையில் பெருமுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு ஏரி உடைந்து பதினொரு பேர் செத்தார்கள். பெரியதம்பியின் மனைவி ராஜாமணியும் அதில் ஒருத்தி. அன்றிலிருந்து தூங்கவே இல்லை என்று பெரியதம்பி சொல்லிவந்தார். டீக்கடையில் சொன்னார். நிவாரண அரிசி கொடுக்க வந்த அதிகாரியிடமும் சொன்னார். அவர் அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து டாக்டர் ஞானமதி மெட்ராஸிலிருந்து ஒரு மெஷினோடு விழுப்புரம் வந்து, ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் மெஷின். ஏரி உடைப்பில் மனைவி, புருஷன், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். பெரியதம்பிக்குக் கடிதம் வந்தது. முந்தின இரவு தூங்காமல் வரவும் என்று இருந்தது.

"அதுல ஒண்ணும் சிரமம் இல்ல" என்றார் பெரியதம்பி.

துணைக்கு மச்சினி முனியம்மாள் வந்தாள். ராஜாமணியின் தங்கை, பக்கத்து வீடு. இருவரும் திண்டிவனத்தில் பஸ் ஏறினார்கள்.

பெரியதம்பியின் தலையில் இருபது ஒயர்களை ஒட்டி, கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்து எழுப்பினார்கள்.

"தூங்கினீங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க? ஃபேன் சத்தம் கேட்டுக்கினே இருந்துது."

டாக்டர் காகிதத்தை விரித்தார். "நாப்பது நிமிஷம் தூங்கியிருக்கீங்க. துக்கத்துல இருக்கறவங்களுக்கு இப்படி ஆகறதுண்டு. தூங்குவாங்க, தூங்கினதே தெரியாது."

"மெஷினு ரிப்பேரா இருக்கும்."

"இல்லீங்க."

"அப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க டாக்டரம்மா." பெரியதம்பி தரையைப் பார்த்தார். "ஏரி ஒடைஞ்சப்ப மோட்டார் கொட்டாய் மேல தூங்கிக்கினு இருந்தேன். அவ கீழ புல்லு அறுத்துக்கினு இருந்தா. கூப்ட்டிருப்பா. எனக்குக் கேக்கல. அதுக்கப்பறமும் தூங்கறேன்னா ஊரு என்னா சொல்லும்?"

வாசற்படியில் நின்ற முனியம்மாள் சொன்னாள்: "ஊருக்கே தெரியும் மாமா. தினமும் கொறட்டை உட்ற."

"டீக்கடக்காரருக்குமா?"

"அவருக்குந்தான். நீ பேஜாராயிடுவேன்னு யாரும் சொல்லல. பத்து மணிக்கு ஆரம்பிப்ப. ரெண்டு மணிக்கு நிறுத்துவ. அப்பறம் மூணரைக்கு ஒரு வாட்டி."

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க எப்பம்மா தூங்குவீங்க?"

முனியம்மாள் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ஏரி ஒடைஞ்சப்ப நானும் பக்கத்துக் கொல்லையிலதான் இருந்தேன் மாமா" என்றாள் கடைசியில். "முழிச்சிக்கினுதான் இருந்தேன். எனக்கும் அக்கா கொரலு கேக்கல. பனைமரத்த கட்டிப் புடிச்சிக்கினேன். திரும்பிப் பாத்தா அவ இல்ல."

பெரியதம்பி எழுந்து, கட்டிலை விட்டு நகர்ந்தார். "மொதல்ல இவளுக்குப் பாருங்க" என்றார். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. ஆனால் டாக்டருக்குப் புரிந்தது.

தங்கைகள் டாக்டரின் பட்டியலில் இல்லை. அன்று மாலை ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அவள் காகிதத்தில் ஒரு நிமிடத் தூக்கம்கூட இல்லை.

மாதம் ஒருமுறை முனியம்மாள் விழுப்புரம் வந்து டாக்டரிடம் பேசிவிட்டு, மாத்திரை வாங்கிப்போனாள். பெரியதம்பி துணைக்கு வந்தார். ஆடியில் ஒரு நாள் பொழுது நன்றாக விடிந்தும் அவள் எழவில்லை. அவளுடைய மாடு கத்தியது. பெரியதம்பி போய்த் தண்ணீர் காட்டினார். உள்ளே குறட்டைச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார்.