வலது கால் பெருவிரல்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலையில் ஃபாதர் சில்வெஸ்டர் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவித் துடைப்பார். ரிச்சர்ட்ஸ் டவுன் கோயிலில் அதற்குக் கூப்பிடப்படுவது பெரிய மரியாதை. ஃபிராங்க்ளினை இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. முதல் முறை முதுகு வலி என்றார். அடுத்த முறை ஆபீசில் ஆடிட் என்றார். உண்மையான காரணம் ஷூவுக்குள் இருந்தது. வலது பெருவிரல் நகம் பழைய பியானோக் கட்டையைப் போல மஞ்சளாகித் தடித்து, ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

"அடுத்த வருஷமும் இந்த விரலுக்கு ஆடிட் வருமாங்க?" என்று கேட்ட மனைவி லீனா, ஈஸ்டர் முடிந்ததும் அவரைத் தோல் டாக்டர் வீணாவிடம் இழுத்துப் போனாள். டாக்டர் நகத்தில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைதான் என்று தெரிந்த பிறகே, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு குட்டி பாட்டில் மருந்தை எழுதினார். மருந்து எழுதிய அன்று ஃபிராங்க்ளின் தனியாகப் போயிருந்தார்.

"வாரா வாரம் முதல்ல ஃபைல் பண்ணிடுங்க சார். அப்புறம் ஸ்பிரிட்ல துடைச்சு, காய்ஞ்சதும் மெல்லிசா ஒரு கோட். புது நகம் முழுசா வர்ற வரைக்கும் விடக்கூடாது, வருஷம்கூட ஆகலாம். சுத்தி சிவந்து எரிஞ்சா மட்டும் நிறுத்திட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க."

ஃபிராங்க்ளினுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ரெக்கார்டு பிரிவில் வேலை. வரும் வழியிலேயே நீல நிற ஃபைல் ஒன்று வாங்கினார். ஞாயிறுதோறும் நகத்தைப் படமெடுத்து, அச்சடித்து, தேதி போட்டுக் கோர்த்தார். பிறகு துடைத்து மருந்து பூசினார். மழைக்காலம் வந்தது. ஊரெல்லாம் பச்சை பிடித்தது, நகம் மட்டும் அப்படியே இருந்தது.

லீனாவோடு மறுபடி போனபோது, ஃபைலை டாக்டரின் மேஜையில் பெருமையாக வைத்தார்.

"இது என்ன சார்?"

"நீங்க சொன்ன ஃபைல் மேடம். ஒரு வாரம்கூட விடல."

டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரே பெருவிரல். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து, நகம் தேய்க்கும் அட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

"நான் சொன்னது இந்த ஃபைல்."

லீனா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்ல வேளை மேடம், நகத்துக்கு இன்டெக்ஸ் போடச் சொல்லல."

"தடிச்ச இடத்தை மெதுவா தேய்ச்சாதான் மருந்து உள்ள இறங்கும்" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்தபடி. "இதை நல்ல நகத்துல வைக்காதீங்க, வீட்ல யாருக்கும் கொடுக்காதீங்க. ஆய்த்தா, சரியா?"

"ஆய்த்து மேடம்."

அதன் பிறகு ஞாயிறுகளில் நகத்தூள் செய்தித்தாளின் மேல் வெளிநாட்டுப் பனி போல விழுந்தது. ஒரு நாள் லீனா டார்ச் அடித்துப் பார்த்தாள். நகத்தின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு பிறை. கிறிஸ்துமஸுக்குப் பிறை பெரிதானது. தவக்காலத்தில் பாதிக்கு மேல் புது நகம், நுனியில் மட்டும் மஞ்சள்.

அப்போது ஃபாதர் மறுபடி கூப்பிட்டார். ஃபிராங்க்ளின் முதலில் டாக்டருக்கு ஃபோன் செய்து கேட்டார்.

"தாராளமா உட்காருங்க" என்றார் அவர். "உங்க காலைத் துடைக்கிற துண்டு மட்டும் தனியா இருக்கட்டும்."

கோயிலில் பன்னிரண்டு காலுக்கும் ஒரே துண்டுதான் வழக்கம். தனக்கு மட்டும் தனித் துண்டு கேட்டால் ஊரே விரலைப் பார்க்கும். ஃபிராங்க்ளின் இரண்டு நாள் யோசித்தார். வியாழன் மாலை ஒரு பெரிய பையோடு போய் நின்றார்.

"என்ன ஃபிராங்க்ளின், ஜவுளிக் கடை போட்டுட்டீங்களா?" என்றார் ஃபாதர்.

"ஆளுக்கு ஒரு துண்டு ஃபாதர். பன்னிரண்டும் வெள்ளை."

பாடகர் குழு பாடியது. ஃபிராங்க்ளின் காலுறையைக் கழற்றினார். வெதுவெதுப்பான நீர் விழுந்தது. அந்த விரலுக்கு வந்ததும் ஃபாதரின் கை நின்றது. ஃபிராங்க்ளினுக்குக் காது சூடானது.

"பூஞ்சை ஃபாதர்" என்றார் மெதுவாக. "பாதிக்கு மேல போயிடுச்சு."

ஃபாதர் இன்னும் குனிந்து, புதுத் துண்டால் விரலைப் பொறுமையாகத் துடைத்தார். பாட்டு உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்து கிசுகிசுத்தார்.

"என்ன மருந்து போடறீங்க? எனக்கும் இருக்கு, ரெண்டு விரல்ல."

ஃபிராங்க்ளின் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"முதல்ல டாக்டரைப் பாருங்க ஃபாதர். ஃபைல் பண்ணச் சொன்னா, எந்த ஃபைல்னு கேட்டுக்கோங்க."