இரண்டாவது கோப்பை

"சவரம் வேண்டாம்னு கொரீன் அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, அண்ணே!" ரேஸரைக் கையில் பிடித்தபடி டெனீஸ் நின்றாள்.

"வீட்டுக்கு ஆள் வருது. தாடியோட உட்காரச் சொல்றியா? இழு."

அவள் இழுத்தாள். அரசாங்கச் செலவில் வரும் பராமரிப்பு உதவியாள், ஏழு மணிக்கு வந்தவள். வெண்டெல் மேக்கியை ஆள் தூக்கும் எந்திரத்தில் மாட்டிப் படுக்கையிலிருந்து எடுத்து, வயிற்றைக் காலி செய்யவைத்து, கழுவி, சட்டை கால்சட்டை மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிட்டது. தினமும் இப்படித்தான். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம்.

பத்து மணிக்கு வரும் அரசாங்க அதிகாரி அந்த ஆறு மணி நேர உதவி இவருக்குத் தேவையா என்று பார்க்கத்தான் வருகிறாள். சாயங்கால மூன்றை வெட்டிவிட்டால் அவரைப் படுக்க வைக்க ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் திரும்பவும் பராமரிப்பு இல்லம்தான்.

அமெரிக்காவின் துலூத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் மேக்கி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கைகள் தோள் பலத்தில் அசையும். விரல்கள் மடங்கியே கிடக்கும். இல்லத்தில் நாலு வருஷம் கிடந்தார். நாலரைக்கு ராத்திரிச் சாப்பாடு, ஆறுக்குப் படுக்கை. கோடைக்காலத்தில் ஜன்னலில் வெயில் அப்படியே நிற்கும், இவர் போர்த்திக்கொண்டு கிடப்பார். உடல் ஊனமுற்றவர்கள் தாங்களே நடத்தும் சங்கம் ஒன்று அவரை வெளியே கொண்டுவந்து இந்தத் தரைத்தள வீட்டில் குடிவைத்தது. சங்கத்தில் அவர் விஷயத்தைப் பார்ப்பவள் கொரீன். பிறவியிலேயே உடம்பு முறுக்கிக்கொண்டவள், அறுபத்தைந்து வயது. வார்த்தைகள் இழுத்துக்கொண்டுதான் வரும், ஆனால் குத்த வேண்டிய இடத்தில் குத்தும்.

"இருக்கிறதுலயே மோசமான நாளைக் காட்டுடா," என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். "நல்ல நாளைக் காட்டினா அதையே வருஷம் பூரா உன் தலையில கட்டிருவாங்க."

ஒன்பதே முக்காலுக்குத் தன் மின்சார நாற்காலியில் வந்து சேர்ந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "கல்யாண மாப்பிள்ளை. வெளங்கிரும்."

அதிகாரி ஹால்வர்சன் அம்மாள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, குளிரில் சிவந்த மூக்கைத் துடைத்தபடி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். டெனீஸ் படுக்கையறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அடுப்படித் திட்டில் காப்பி எந்திரம் கொதித்து ஓய்ந்திருந்தது.

மேக்கி ஃபின்லாந்து வம்சம். ஃபின்லாந்துக்காரர் வீட்டில் யார் வந்தாலும் முதலில் காப்பி, அப்புறம்தான் பேச்சு. அப்பா சுரங்கத்தில் செத்த சேதியைக் கொண்டுவந்தவனுக்கும் அம்மா ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அழுதாள். மேக்கி நாற்காலியைத் திட்டுப் பக்கம் நகர்த்தினார். மணிக்கட்டை மேலே நிமிர்த்தினால் விரல்கள் கொஞ்சம் இறுகும். அந்த இறுக்கத்தில் ஜாடியின் பிடியை மாட்டி, மறு கையை அடியில் முட்டுக் கொடுத்து ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கோப்பையை மடித் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, அதிகாரி பக்கம் நெட்டித் தள்ளினார்.

கொரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி, சார்," என்றாள் ஹால்வர்சன். காகிதத்தில் ஒரு கட்டத்தில் குறி விழுந்தது. "சூடான பானம், உதவி இல்லாம. சாயங்காலச் சாப்பாடும் நீங்களே சுட வச்சுக்குவீங்க, இல்லையா?"

அந்த ஒரு கோப்பைக்கே மேக்கிக்குத் தோள் ரெண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. இனிச் சாயங்காலம் வரைக்கும் ஒரு கரண்டியைத் தூக்க முடியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"எனக்கு இல்லையாடா?" என்றாள் கொரீன். "நான் என்ன தெருவுல போறவளா?"

விருந்தாளி கேட்டுவிட்டாள். அவர் திரும்பவும் போனார். மணிக்கட்டை நிமிர்த்தினார், பாதிதான் நிமிர்ந்தது. ஜாடி கொஞ்சம் மேலே வந்து சாய்ந்தது. அவர் அதை மறுபடியும் திட்டில் சேர்த்துவிட்டு, "கை கொஞ்சம் அசந்திருச்சு. ஒரு நிமிஷம் பொறு," என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

"சார்..." ஹால்வர்சன் எழுந்துவிட்டாள். "உங்க காலு!"

கால்சட்டையின் தொடையிலிருந்து ஆவி பறந்தது. மேக்கி குனிந்து அதை வேறு யார் காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

டெனீஸ் ஓடிவந்து பச்சைத் தண்ணீரைக் கொட்டினாள். கால்சட்டையைக் கத்தரியால் வெட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, உரிந்துகொண்டிருந்தது.

"வலிக்கலையா?" என்றாள் ஹால்வர்சன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. உட்கார்ந்து, முதலில் போட்ட குறியை அடித்து அழித்தாள். மீதிக் கேள்விகளை மெதுவாகக் கேட்டாள். போகும்போது, "ஆறு மணி நேரத்துல கை வைக்கமாட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றாள்.

கதவு மூடியது. டெனீஸ் கட்டுப் போட்டு முடித்தாள். இந்த மாதிரி உடம்பில் புண் ஆற ரெண்டு மாசமாவது ஆகும். பாதி நாள் படுத்தே கிடக்க வேண்டும்.

"தரையிலதான் கொட்டும்னு நெனச்சேன்," என்றாள் கொரீன். "உன் மேலே இல்லடா."

"தெரியும்."

"என்னைத் திட்டுடா."

"அசதியா இருக்கு, கொரீன். நாளைக்குத் திட்டறேன்."

டெனீஸ் மேஜையைத் துடைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்தம்மா ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை, அண்ணே."

"எங்கே, காட்டு," என்றார் மேக்கி.